சும்மா இரையும் பெட்டி

கடையிலேயே மலிவான அந்தக் கிதார் ஆம்ப்ளிஃபையர் பெட்டியை வாய் கூசாமல் புகழ்ந்தே இருபது வருடம் ஓட்டியவர் விற்பனையாளர். கண்ணாடி போட்ட இந்த ஆசாமியோ விசித்திரமாகக் கேட்டார்.

"கிதார் மாட்டாம ஆன் பண்ணினாலும் இரையுமா?"

"சேச்சே, மூச்சு விடாது சார்."

கண்ணாடிக்காரர் முகம் செத்துப்போனது. எழுந்து வாசல்வரை போய்விட்டார். விற்பனையாளருக்கு என்னவோ மனசு உறுத்தியது.

"நில்லுங்க சார். பொய் சொல்லிட்டேன். இந்தச் சனியன் சும்மாவே இரையும்."

"எங்க, போடுங்க."

பெட்டி இரைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இதேதான். கட்டிக் கொடுங்க."

"தெரிஞ்சே வாங்கறீங்களே?"

"பொண்ணோட பெட்டி நேத்து ரிப்பேராயிடுச்சு. மாடியில இந்த இரைச்சல் கேட்டாத்தான், 'ஸ்விட்ச் போட்டுட்டா, இப்ப வாசிப்பா'ன்னு அவ அம்மா கீழ ரெண்டு வாய் சாப்பிடுவா."

"பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே சார். நல்லதா ஒண்ணு காட்டியிருப்பேன்."

பணத்தை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அவ தவறி எட்டு மாசமாச்சு. தினமும் நான்தான் மாடியேறி ஸ்விட்ச் போடறேன்."