முதல் வாய் இட்லி

சேலையூர் கேம்ப் ரோட்டில் பள்ளி வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் காலை நேரம். இரண்டாவது மாடி வீட்டில், ஜன்னல் வெயில் விழும் பாயின்மேல் எட்டு மாதக் குழந்தை அபிகாயில் எந்தப் பிடிமானமும் இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு மாதம் முன்கூட்டியே பிறந்து, மூக்கில் போட்ட குழாய் வழியே பால் குடித்தவள். "ஆறு மாசம் தாண்டியும் சோறு ஊட்டலையா?" என்று உறவினர்கள் துளைத்தெடுத்தபோதும் அம்மா கிருபா அசையவில்லை. குறைமாதக் குழந்தைக்கு மாதக் கணக்கு மட்டும் போதாது, தானாக உட்காரட்டும், சாப்பாட்டைப் பார்த்துக் கை நீட்டட்டும் என்று டாக்டர் சொன்னதையே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இப்போது ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்பா ஜெரோம் குழந்தையின் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறான். அவன் கை தட்டிலிருந்து வாய்க்குப் போகும்போதெல்லாம் அபிகாயிலின் கண்ணும் கூடவே போய் வருகிறது. திடீரென்று முன்னால் சாய்ந்து தட்டை எட்டிப் பிடிக்கிறாள். "கிருபா, இங்க பாரேன், என் இட்லி மேல கை வெக்கிறா!" "இன்னிக்கே குடுத்துடலாம்ங்க," என்கிறாள் கிருபா. இட்லியின் நடுவிலிருந்து துளி எடுத்து, வெந்நீர் விட்டுக் குழைய மசித்து, சின்ன ஸ்பூனில் நீட்டுகிறாள். அபிகாயிலின் உதடு ஸ்பூனைச் சுற்றி மூடுகிறது, முகம் சுருங்குகிறது. நாக்கு வெளியே தள்ளிவிடுமோ என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். பிஞ்சுத் தொண்டை மெல்ல ஏறி இறங்குகிறது. "முழுங்கிட்டா!" ஜெரோம் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிறது. கிருபா அழுதுகொண்டே சிரிக்கிறாள். அபிகாயில் இருவரையும் பொருட்படுத்தாமல், காலி ஸ்பூனை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு, அடுத்த வாய்க்காக 'ஆ'வென்று வாயைத் திறக்கிறாள்.