அண்ணியின் கைப்பக்குவம்

"நல்லா பாருங்க டாக்டர்!" தையல்காரர் பத்து விரல்களையும் மடக்கி மடக்கி நீட்டிக் காட்டினார். "மாத்திரைன்னு ஒண்ணு வாயில போட்டு ரெண்டு வருஷமாச்சு. மஞ்சள், இஞ்சி, மிளகு, அவ்வளவுதான். வீக்கம் வந்த வழியே போயிடுச்சு!"

டாக்டர் அவர் விரல்களைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த தையல்காரரின் தங்கையுடைய விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவை கோணி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

நிலம் நீச்சு எதுவும் வைக்காத அப்பா, முடக்குவாதத்தை மட்டும் அண்ணன் தங்கை இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"மறுபடி ஊசி பிடிப்பாளா டாக்டர்? எம்பிராய்டரி போட்டுத்தான் பிழைக்கிறா."

"மூட்டெல்லாம் அரிச்சுப் போச்சுங்க. இனி ஸ்பூன் பிடிச்சாலே பெரிய விஷயம்." டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

தையல்காரர் தங்கை பக்கம் திரும்பினார். வேதனை கோபமாகத்தான் வெளியே வந்தது. "கஷாயத்தை ஒழுங்கா குடிச்சியா, இல்லையா?"

"ஒரு நாள் விடலண்ணா. நீ சொன்ன அதே அளவுதான். ஆனா நீ கசக்கும் கசக்கும்னே, எனக்குக் கசக்கவே இல்ல."

"அங்கதான் கோட்டை விட்டுட்டே! உங்க அண்ணி வைக்கிறது நாக்குல பட்டாலே குடலைப் புரட்டும். எதுக்கும் ஒரு கைப்பக்குவம் வேணும்."

"அண்ணிகிட்டயே கேட்டிருப்பேன். நீதான் மூச்சு விடக் கூடாதுன்னுட்டே."

உண்மைதான். அவர் மனைவி மாத்திரைக் கட்சி. அவர் மாத்திரைகளைக் குப்பையில் வீசிய அன்று வீடே இரண்டுபட்டது. பிறகு என்ன நினைத்தாளோ, தன் கையாலேயே கஷாயம் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். இருந்தாலும் அவளை நம்பி வெளியூர்த் தங்கையின் விஷயத்தைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்த மனைவி, நாத்தனாரின் கைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி இது? மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்," என்றார் தையல்காரர். "எனக்குக் கேட்ட கஷாயம் இவளுக்குக் கேக்காதான்னு..."

மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கஷாயத்துல தினமும் மாத்திரையைப் பொடிச்சுப் போட்டேங்க."