பிஸ்கட் டின்னுக்குள் வைஃபை

மலேசியாவின் கிள்ளான் நகரில் ரேமண்ட் தனியாக வசிக்கும் மூன்று மாடி வீட்டில், மாடிக்கு ஒன்றாக சிக்னலை வீடெங்கும் பரப்பும் மூன்று மெஷ் வைஃபை பெட்டிகள் இருந்தன. ஆனாலும் உலகத்தில் எங்கே இணையம் அறுந்தாலும் முதலில் அறுவது அவர் வீட்டில்தான். இந்த மாதத்தின் நான்காவது புகாருக்கு, இணையக் கம்பெனி சட்டையோடு திமோத்தி வந்து நின்றான்.

“எங்க லைன் வரல, பாஸ்?”

“வீடு முழுக்க வரல. லைன் இல்லன்னு கொசுகூட பக்கத்து வீட்டுக்குக் குடி போயிடுச்சுலா!”

கீழ்த்தளப் பெட்டி மீன் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. நடு மாடிப் பெட்டி இரும்பு அலமாரிக்குள். மேல் மாடிப் பெட்டியை அரை மணி நேரம் தேடி, பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து எடுத்தான்.

“தண்ணி, இரும்பு பக்கத்துல வெச்சா சிக்னல் செத்துடும்னு போன வாரமே சொன்னேன்ல?”

“சொன்னே. அதான் தேடித் தேடி அங்க வெச்சேன்.”

திமோத்தி நிமிர்ந்து பார்த்தான். ரேமண்டின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

“கிறிஸ்மஸ் சண்டைக்கு அப்புறம் நீ இந்தப் பக்கமே வர்றதில்ல. பெத்த அப்பனாக் கூப்பிட்டா வர மாட்டே. கஸ்டமராக் கூப்பிட்டா வர்றியே!”

திமோத்தி பெட்டியை மாடிப்படி ஓரம் வைத்தான். அதன் விளக்கு பச்சையானது.

“என் ஏரியா செந்தூல். கிள்ளானுக்கு வேற ஆளு இருக்கான். புகார்ல உங்க பேரைப் பார்த்ததும், ஒவ்வொரு தடவையும் நான்தான் கேட்டு வாங்கிட்டு வரேன், டாடி.”