அறுபத்தெட்டு வயது முகம்

“ஒரே ஒரு ஊசிதான்ட்டி பிரியங்கா, சாயங்காலத்துக்குள்ள தோல் பூரா—”

“வேண்டாம்னு சொல்லுதேன்லா, உனக்குக் காது—”

“—புதுசாயிரும்! என்னைச் சொல்லி முடிக்க விடு!”

பவித்ராவும் பிரியங்காவும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகத்தோடு பிறந்த இரட்டையர். இருவருக்கும் இப்போது அறுபத்தெட்டு வயது. பவித்ரா இளமை திரும்பும் ஊசி போட்டுக்கொண்டவள். பேத்தியின் கல்யாண மண்டபத்தில் பேத்திக்கே தோழி போல நின்றாள். பிரியங்கா போட்டுக்கொள்ளவில்லை.

“போட்டோக்காரன் உன்னை எனக்கு அம்மான்னு நெனைச்சிட்டான். மானம் போகுது.”

“அப்போ கால்ல விழு, திருநீறு பூசி விடுதேன்.”

“கேலி பண்ணாத. அந்த வலது கையையாவது மூடு. இடது கையைவிட எப்படிக் கறுத்துக் கெடக்கு!”

“முப்பது வருஷம் திருச்செந்தூர் பஸ் ஓட்டின கையாக்கும் இது. ஜன்னல் வெயில் பட்டுப்பட்டுக் கறுத்தது. இதை எதுக்கு மூடணும்?”

பிரியங்கா தங்கையின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணோரச் சுருக்கங்களையும் தளர்ந்த கன்னங்களையும் நரைத்த புருவத்தையும் பவித்ரா அப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள்.

“நல்லாப் பாத்துக்கோ. ஊசி போடலேன்னா நீயும் இப்படித்தான் இருந்திருப்ப. சொல்லுட்டி, நம்ம மூஞ்சி நல்லாத்தானே இருக்கு?”