சிவப்பில் நிற்கும் முள்

2004 ஆகஸ்ட், மாலை நான்கு மணி. பெங்களூரில் அடுகோடி சிக்னலைத் தாண்டி மேட்டில் மழையோடு ஊர்கிறது அருண்குமாரின் சின்ன எலக்ட்ரிக் கார். பின் சீட்டில் மூச்சிரைக்கும் மகள் தர்ஷினியை நிமிர்த்திப் பிடித்திருக்கிறாள் அவன் மனைவி வனஜா. ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். சார்ஜ் முள் சிவப்பில் நிற்கிறது. ஒரு சார்ஜுக்கு எழுபது கிலோமீட்டர் என்று பழைய கார் புரோக்கர் அடித்துச் சொன்னதை நம்பிப் பெட்ரோல் வண்டியை விற்று இதை வாங்கியவன் அவன். இன்று முப்பதுகூட ஓடவில்லை. விளக்கை அணைக்கிறான். வைப்பரை நிறுத்துகிறான். கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு மட்டும் கலங்கித் தெரிகிறது.

"ஃபேனையும் நிறுத்துங்க."

"பாப்பாவுக்குக் காத்து வேணாமா?"

"போய்ச் சேர்ந்தா போதும், நிறுத்துங்க!"

நிறுத்துகிறான். குழந்தையின் நெஞ்சு விசிலடிப்பது இப்போது தெளிவாகக் கேட்கிறது. பாதி மேட்டில் கார் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் இறங்கி, வருகிற ஆட்டோக்களுக்கெல்லாம் கை நீட்டுகிறான். கரும்புகை கக்கியபடி ஒரு கிழட்டு ஆட்டோ நிற்கிறது.

"குந்து சார், சீக்கிரம் குந்து!"

வனஜாவும் ஓடிவந்து ஏறிக்கொள்கிறாள். பெட்ரோலில் கலந்த மண்ணெண்ணெயின் நாற்றம் உள்ளே அடைகிறது. மகளின் மூக்கைச் சேலைத் தலைப்பால் மறைத்தபடி அவள் விம்முகிறாள்.

"வேகமா போங்கண்ணா," என்று கெஞ்சுகிறான் அருண்குமார், "இன்னும் வேகமா."