பத்துக் கேள்விகள்

தாம்பரத்துத் தோல் கிளினிக்கின் நடையில் மே மாதத்து வெயில் பெஞ்சுவரை வந்து கிடக்கிறது. ஷபீனா புர்காவின் கையை விரல்நுனிவரை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். உள்ளே முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் செதில் செதிலாக வெடித்திருக்கிறது. பக்கத்தில் மாமியார் நூர் பீவி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருக்கிறாள். டாக்டரைப் பார்க்குமுன், நோய் எவ்வளவு தொந்தரவு தருகிறதென்று மதிப்பெண் போடுகிற பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தாள் இங்கிலீஷில் இருப்பதால் நர்ஸ் தனக்கோடி அதைத் தமிழில் சொல்லி, ஃபேன் இரைச்சலுக்கு மேலே உரக்கக் கேட்கிறாள். "போன வாரம் பூரா அரிப்பு, எரிச்சல் இருந்துச்சாம்மா?" வரிசையில் இருக்கிற தலைகள் திரும்புகின்றன. "இல்லக்கா." "வெளிய போவக் கூச்சமா இருந்துச்சா?" "இல்லக்கா." பேனா ஒரே வரிசையில் டிக் அடித்துக்கொண்டே இறங்குகிறது. "இதால வூட்டுக்காரர், சொந்தக்காரங்ககூட ஏதாச்சும் சங்கடம்?" நூர் பீவியின் விரலில் மணி நிற்கிறது. ஷபீனா மொசைக் தரையின் கறுப்புப் புள்ளிகளையே பார்க்கிறாள். நாலு மாதமாகக் கூடத்தில் தனியாக விரிக்கிற தன் பாய் நினைவுக்கு வருகிறது. "இல்லக்கா." மணி மறுபடி உருள்கிறது. தனக்கோடி கூட்டிப் பார்த்து, தாளின் தலையில் பூஜ்யம் போட்டு வட்டமிடுகிறாள். "நோயால ஒரு தொந்தரவும் இல்ல. இத்தப் பாத்தா டாக்டரு மருந்த மாத்த மாட்டாரு, பழைய களிம்புதான்." "அல்ஹம்துலில்லாஹ்" என்கிற நூர் பீவி, முழங்கை படாமல் மருமகள் பக்கம் சாய்கிறாள். "நாளைக்கு இரும்புலியூர் கல்யாணத்துல நாலு பேரோட ஒரே சஹன் தட்டுல சாப்புட உக்காந்துடாதம்மா. ஒனக்குத் தனித்தட்டு சொல்லிட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கலையே?" ஷபீனா புர்காவின் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுக்கிறாள். "இல்ல மாமி."