வலது காதில் வயலின்

தம்பி இறந்தபோது, மிட்டாய் டப்பாவுக்குள் அவன் செய்துகொண்டிருந்த டிஏசி பாதியில் நின்றது. கம்ப்யூட்டர் பாட்டை ஹெட்போனில் சுத்தமாகக் கேட்கவைக்கும் சின்னப் பெட்டி அது. மீதியை நான் முடித்தேன்.

இடது காதில் வரவேண்டிய வயலின் வலது காதில் வந்தது. ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைப்பது அவன் வழக்கம். அதற்காக எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

"எந்தக் காதுல வந்தா என்னங்க, பாட்டு பாட்டுதானே?" என்றாள் மனைவி.

அவள் பேச்சை நான் கேட்கவில்லை. பிரித்துச் சரியாகப் பற்றவைத்து, திருகாணியை முடுக்கினேன். சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வந்து கேட்டால், மறுபடியும் வலது காதில்தான் வயலின்.

திறந்தேன். ஒயர்கள் இடம் மாறியிருந்தன. அயர்ன் ஜில்லென்று கிடந்தது. ஒயர்களைப் பற்றவைத்திருந்த ஈயம் விரலைச் சுட்டது.

இந்தத் தடவை திட்டவில்லை. டப்பாவை மூடிவிட்டு, ஹெட்போனை இடம்வலமாகத் திருப்பி மாட்டிக்கொண்டேன்.